கள்ளியில் பூப் பார்ப்போம்!

– சிவில் மூன்றாமாண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், ஆளாளுக்கு விண்வெளி, மின்சாரக் கார், தொங்கு பாலம் என்று தலைப்பு எடுத்துக் கொண்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் வளர்க்கும் கள்ளிச்செடி! "அதுல எழுத என்னடா இருக்கு? வெறும் முள்ளு தானே?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. அப்பா கொத்தனார். அம்மாவும் பல வருடம் சித்தாள் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். முதலாண்டு சேர்ந்த புதிதில், கைச்செலவுக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து நர்சரியில் மூன்று கள்ளித் தொட்டி வாங்கி வந்தேன். விலை நூற்றெண்பது ரூபாய்.

அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது! வேலியில சும்மா கிடக்குற முள்ளைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கே! முள்ளுச்செடி வீட்டுல இருந்தா சண்டை வரும்டா" என்றார்கள். சண்டை அன்றைக்கே வந்துவிட்டது!

காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி மழையிலும் வெளியிலேயே வைத்திருந்தேன். கார்த்திகை முடிவதற்குள் இரண்டு செடி போய்விட்டது. அழுகிய வாழைப்பழம் மாதிரி விரல் உள்ளே போனது. மூன்றாவது செடி மட்டும் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிக் கிடந்தது. மழையும் படவில்லை, நானும் அதை மறந்து போனேன். அது மட்டும் பிழைத்துக் கொண்டது!

நான் கவனித்தவை செத்தன, கவனிக்காதது பிழைத்தது. ஏன்? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

எது கள்ளி?

நாம் கள்ளி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி முதலியவற்றைக் கிள்ளினால் பால் வரும். இவை யூபோர்பியா இனம். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எச்சரிக்கை! சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வருகிற கள்ளி இந்த வகைதான். ஏனென்றால் காக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. 1492இல் கொலம்பஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தச் செடிகள் கப்பலேறி மற்ற நாடுகளுக்கு வந்தன. நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும் அப்படி வந்த விருந்தாளியே!

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காக்டஸில் முள் கிளம்பும் இடத்தில் குட்டிப் பஞ்சு மெத்தை போல ஒரு புள்ளி இருக்கும். அதற்கு ஏரியோல் என்று பெயர். யூபோர்பியாவுக்கு அது கிடையாது. முள் வருவதும் அந்தப் புள்ளியில்தான், பெரும்பாலான வகைகளில் பூ வருவதும் அதே புள்ளியில்தான். எனவே முள்ளைக் கண்டு ஒதுங்காதீர்கள், பூவின் விலாசமே அதுதான்!

ராத்திரி ஷிப்டு

மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அப்போது உள்ளே இருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். பாலைவனத்தில் அப்படிச் செய்தால் செடி பிழைக்காது. ஆகவே கள்ளி ராத்திரியில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துக் கொள்கிறது. பகலில் கதவைச் சாத்திவிட்டு, சூரிய ஒளியைக் கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. இலைகள் முள்ளாகிவிட்டன, தண்டே தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது.

தொட்டி நிறைய நீர் வைத்திருப்பவனுக்கு நாம் தினமும் நீர் ஊற்றினால் என்ன ஆகும்? வேருக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை பிடிக்கும், அடியிலிருந்து அழுகும். என் இரண்டு செடிகளின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இவ்வளவுதான்.

கலவை போடுவோம்

இந்த இடத்தில் நம் சிவில் மூளைக்கு வேலை வருகிறது. கான்கிரீட்டுக்கு நாம் இடைவெளி இல்லாத கலவை தேடுகிறோம். கள்ளிக்கு நேர்மாறாக, இடைவெளி நிறைந்த கலவை வேண்டும்.

நான் போடும் விகிதம்: தோட்டமண் 1 பங்கு, கொரகொரப்பான மணல் 2 பங்கு, செங்கல் சல்லி 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. மணலும் சல்லியும் 4.75 மி.மீ. சல்லடையில் விழுந்து 2.36 மி.மீ. சல்லடையில் நிற்பதாக இருந்தால் மிக நல்லது. எம்.சாண்ட் என்றால் கழுவித் தூள் போக்கியே சேர்க்க வேண்டும். சிமெண்ட் ஒட்டிய பழைய செங்கலைத் தவிர்த்துவிடுங்கள், மண்ணில் காரத்தன்மை ஏறும்.

தொட்டிக்கு அடியில் துளை கட்டாயம். "அடியில கனமா ஜல்லி போட்டாப் போதும்ல?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மேலே நைசான மண் இருந்தால், தந்துகி விசையால் தண்ணீர் அதிலேயே நிற்கும், கீழே உள்ள ஜல்லிக்குச் சுலபத்தில் இறங்காது. மண்ணியல் பாடத்தில் படித்ததுதான். எனவே கரடுமுரடான பொருள் கலவை முழுக்கப் பரவியிருக்க வேண்டும். துளை மேல் ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சல்லடையோடு போராடுவதைப் பார்த்து அப்பா வந்து வாங்கிக் கொண்டார். பத்தே நிமிடத்தில் சலித்துக் குவித்துவிட்டார். செடியை நட்டு முடித்ததும், "ஏம்ப்பா, கியூரிங் பண்ண வேண்டாமா?" என்று தண்ணீர்க் குவளையைத் தூக்கினார். "இல்லப்பா, கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது ஏழு நாள் தண்ணி விடணும். இதுக்கு ஏழு நாள் தண்ணியே விடக்கூடாது" என்றேன். நடும்போது வேரில் பட்ட காயம் ஆற வேண்டும் அல்லவா? அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் குவளையை வைத்துவிட்டார். தொழில் விஷயத்தில் நான் சொல்லி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை.

பூவுக்கு மூன்று சாவி

"வாங்கி வருஷமாச்சு, உயிரோட இருக்கு, ஆனா பூக்கல" என்பதுதான் பலரின் குறை. பூவுக்கு மூன்று சாவி உண்டு.

ஒன்று, வெளிச்சம். டி.வி. மேல் அழகுக்கு வைத்தால் பூக்காது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும். ஆனால் நிழலில் இருந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீரென்று வைத்தால் தோல் வெந்து தழும்பாகிவிடும், அது ஆறாது. பத்துப் பதினைந்து நாளில் மெதுவாகப் பழக்க வேண்டும். மேற்கு வெயிலுக்கு நிழல்வலை நல்லது.

இரண்டு, முறையான தண்ணீர். பங்குனி முதல் புரட்டாசி வரை வளரும் காலம். ஊற்றினால் அடித்துளை வழியே வரும்வரை ஊற்றுங்கள். பிறகு முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை மண்ணில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

மூன்று, ஓய்வு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கு அடியில் வையுங்கள். மார்கழி, தை, மாசியில் ஏறக்குறைய பட்டினி. மாதம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர், உரம் கிடையாது, வெளிச்சம் மட்டும் உண்டு. செடி லேசாகச் சுருங்கும். பயப்பட வேண்டாம்! பல வகைகளில் அந்தக் குளிர்ந்த, காய்ந்த ஓய்வுதான் மொட்டுக்கு வழி விடுகிறது. யூரியா போட்டால் உடம்பு உப்பும், பூ வராது. மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ கூடாது, மொட்டு உதிர்ந்துவிடும்.

எதை முதலில் வாங்கலாம்?

மாமிலேரியா: மெக்சிகோ பக்கத்துச் செடி. சின்ன இடம் போதும். உச்சியைச் சுற்றிக் கிரீடம் வைத்தாற்போல் குட்டிப் பூக்கள் வரும். இதில் மட்டும் பூ, முள் இருக்கும் நுனியில் வராமல் முகடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் வரும். பல வகைகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இரண்டு தனிச் செடி இருந்து, மெல்லிய பிரஷால் மகரந்தம் மாற்றினால் மிளகாய்ப்பழம் போலச் சிவந்த காய் வரும்.

ஜிம்னோகாலிசியம்: தென் அமெரிக்கச் செடி. அரை நிழலிலும் பூக்கும், பூ பல நாள் நிற்கும். கடையில் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்பதும் இதன் இனமே. அந்த நிறம் பூவல்ல, பச்சையமே இல்லாத செடி! அதனால் வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள்.

எக்கினாப்சிஸ்: பிரேசில், உருகுவே, அர்ஜெண்டினா பக்கம். நீளக் குழல் வைத்த பெரிய பூ. மாலையில் விரிந்து மறுநாளே வாடும். பக்கத்தில் குட்டி போட்டுக் கொண்டே இருக்கும், நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

பிரம்மகமலம் அல்லது நிஷாகந்தி: இதுவும் கள்ளிதான் என்றால் நம்புவீர்களா? இலை போலத் தெரிவது தட்டையான தண்டு. மரத்தின் மேல் தொற்றி வளரும் காட்டுச்செடி ஆகையால் நிழலும் மக்கும் கூடுதலாக வேண்டும். இமயமலையின் உண்மையான பிரம்மகமலம் வேறு செடி.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை! சிலர் காய்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்கிறார்கள். மாதக்கணக்கில் வாடாமல் இருந்தால் அது பூ அல்ல. இன்னொன்று, விதையிலோ குட்டியிலோ வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். சிலி நாட்டுப் பாலைவனத்தில் திருடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரிய கள்ளிகளை 2020இல் இத்தாலியில் போலீசார் பிடித்தார்கள். மறு வருடம் எண்ணூற்றுக்கும் மேல் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆசைக்கும் அளவு வேண்டும். மேற்கு வங்காளத்தின் காலிம்பாங் ஊர் கள்ளி நர்சரிகளுக்குப் பேர் பெற்றது. வாய்ப்புக் கிடைத்தால் ஹரியானாவில் பஞ்ச்குலாவில் 1987இல் தொடங்கிய தேசியக் கள்ளிப் பூங்காவையும் பார்க்கலாம்.

மாவுப்பூச்சி ஜாக்கிரதை!

முள்ளிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, வாரம் ஒரு முறை திரும்பப் பாருங்கள். சின்னப் பூச்சிதானே என்று நினைக்கக் கூடாது. தென்னிந்தியாவில் நிலமெல்லாம் பரவித் தொல்லை கொடுத்த சப்பாத்திக்கள்ளியை, 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சிதான் அடக்கியது. அது மாவுப்பூச்சிக்குச் சொந்தக்காரன்! ஒரு காட்டையே முடித்தவனுக்கு நம் தொட்டி எம்மாத்திரம்?

அந்த ஒரு இரவு

பிழைத்த மூன்றாவது செடி எக்கினாப்சிஸ். இரண்டு மழைக்காலம் ஷீட்டுக்கு அடியில் வைத்து, ஒரு மார்கழி முழுக்கப் பட்டினி போட்டேன். "படிக்கிற பிள்ளை செய்யற வேலையா இது? ரெண்டு வருசமா என்னத்தக் கண்டே?" என்று அம்மா கேட்பார்கள். எனக்குப் பதில் கிடையாது. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்திருந்தவன் என்ன பதில் சொல்வது?

2025 ஏப்ரல், பரீட்சை நேரம். ஒரு ஏரியோலில் சாம்பல் நிறத்தில் ரோமம் போர்த்திய முடிச்சு ஒன்றைப் பார்த்தேன். தினமும் நோட்டில் அளவு குறித்தேன். கடைசி இரண்டு நாளில் குழல் கிடுகிடுவென நீண்டது. அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம் விரியத் தொடங்கி, எட்டரை மணிக்கு முழுசாக விரிந்துவிட்டது. வெளிர் ரோஜா நிறம், என் உள்ளங்கை அகலம், மெல்லிய வாசனை!

அப்பா அன்று ரூப் கான்கிரீட் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார். சட்டையில் சிமெண்ட் அப்படியே இருக்க, செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எத்தனை நாள் இருக்கும்?" என்றார். "நாளைக்கு மதியம் வரைக்கும்பா" என்றேன். "ஒரு நாளைக்கா இம்புட்டுப் பாடு!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டதும் திரும்ப வந்து ஒரு தடவை பார்த்தார்.

காலையில் நான் எழுந்தபோது செடியில் பூ இல்லை! அம்மா பறித்துச் சாமி படத்துக்கு வைத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மத்தியானம் வாடப் போற பூ தானேடா, சாமிக்குப் போகட்டும்" என்றார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேலி முள் என்று சொன்ன செடியின் பூவைச் சாமிக்கு வைத்தது அம்மாதான்! அன்றிலிருந்து மழை இருட்டினால் எனக்கு முன்னால் தொட்டிகளை உள்ளே எடுத்து வைப்பதும் அம்மாதான்.

இப்போது சாரப்பலகையில் 23 தொட்டி இருக்கிறது. அரியரும் அந்த ஏப்ரலிலேயே தீர்ந்தது. செடிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள். ஊற்றிக்கொண்டே இருப்பது மட்டும் கவனிப்பு ஆகாது, ஊற்றாமல் காத்திருப்பதும் கவனிப்புத்தான் என்பதை மட்டும் அந்தச் செடியிடம் படித்தேன்.

குட்டி வேண்டும் நண்பர்கள் வகுப்புக்கு வந்து கேளுங்கள். காசு வேண்டாம். ஆனால் வாங்கிப் போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இரண்டாவது குட்டி கிடையாது!