ராகிக் கதிரும் ரோஜாக் காம்பும்: மகசூல் எதில் இருக்கிறது?



"கதிர் பெருசா இருந்தா மகசூலும் பெருசா இருக்கும்" என்று நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் சொல்லுவாங்க. இது பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது ரொம்ப அவசியம். ஏன் என்றால், அறுவடை நேரத்தில் எந்தக் கதிரை விதைக்கு எடுத்து வைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த வருஷம் வீட்டில் களிக்கு ராகி இருக்கும். மழையை நம்பி இருக்கும் மானாவாரிக்காரங்களுக்கு விதை தப்பினால் ஒரு வருஷமே தப்பின மாதிரி.

1. மகசூல் என்பது ஒரு பெருக்கல் கணக்கு

செடியின் உயரத்தைக் கண்ணால் பார்க்கலாம். பூவின் நிறத்தையும் பார்க்கலாம். ஆனால் மகசூல் அப்படி ஒரே குணம் கிடையாது. பல குணங்கள் சேர்ந்துதான் அது உண்டாகிறது. ராகிக்கு இப்படி எழுதலாம்:

ஒரு சதுர மீட்டரில் உள்ள செடிகள் × ஒரு செடியில் கதிர் விட்ட தூர்கள் × ஒரு கதிரில் உள்ள மணிகள் × ஒரு மணியின் எடை = மகசூல்

ஒரு கதிரில் எத்தனை மணி என்பது, அதில் எத்தனை விரல், விரல் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 'அ' என்ற செடியில் 2 கதிர். ஒவ்வொன்றிலும் 6 கிராம் தானியம். மொத்தம் 12 கிராம். 'ஆ' என்ற செடியில் 4 கதிர். ஒவ்வொன்றிலும் 4 கிராம்தான். ஆனால் மொத்தம் 16 கிராம்! கதிரை மட்டும் பார்த்தால் 'அ'வைத்தான் எடுப்போம். செடியை முழுசாகப் பார்த்தால் 'ஆ'தான் ஜெயிக்கிறது.

2. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும்

"அப்படின்னா நிறைய தூர், பெரிய கதிர், கனமான மணி எல்லாம் ஒரே செடியில் இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நல்லதுதான், ஆனால் சுலபமாகக் கிடைக்காது. இலை தயாரிக்கும் உணவு ஒரு பானைச் சோறு மாதிரி. பந்தியில் ஆள் கூடினால் ஒவ்வொரு இலைக்கும் சோறு குறையும். தூர் அதிகமானால் கதிர் சிறுக்கிறது. நெருக்கி நட்டால் தூர் குறைகிறது.

உயரத்துக்கும் இதே கதைதான். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. உரம் போட்டாலும் அது சாயவில்லை. தண்டுக்குப் போகிற உணவில் ஒரு பங்கு மணிக்குப் போனது. ஆனால் ராகியில் கண்ணை மூடிக்கொண்டு குட்டையைத் தேட முடியாது. நம்ம ஊரில் ராகித் தாள் மாட்டுக்குத் தீவனம். தானியம் கூடி, தாள் ரொம்பக் குறைந்துபோனால் மாடு வைத்திருக்கும் வீட்டில் அந்த ரகத்தை விரும்ப மாட்டாங்க.

3. கூட வருவது எல்லாம் காரணம் ஆகாது

இரண்டு குணங்கள் சேர்ந்து கூடுகின்றனவா, எதிர் எதிராகப் போகின்றனவா என்று சொல்லும் எண்தான் ஒட்டுறவுக் கெழு. அது –1 முதல் +1 வரை இருக்கும். +1-க்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. 0-க்குப் பக்கத்தில் இருந்தால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயரமான செடி அதிகம் விளைந்தால், அதற்கு உயரமே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? அந்தச் செடி அதிக நாள் வளர்ந்ததால் உயரமும் கூடியிருக்கலாம், விளைச்சலும் கூடியிருக்கலாம். நேரடியான விளைவு எவ்வளவு, வேறொரு குணத்தின் வழியாக வருவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, அமெரிக்க விஞ்ஞானி சீவல் ரைட் 1921-ல் பாதைப் பகுப்பாய்வு என்ற முறையை விளக்கினார். 1959-ல் டூயி, லூ என்ற இருவர் அதை ஒரு தீவனப் புல்லின் விதை மகசூலுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு பயிர் ஆராய்ச்சியாளர்கள் பலர் இதைக் கையில் எடுத்தார்கள்.

4. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த வேலை

கர்நாடகத்தில் மண்டியாவில் உள்ள வி.சி. பண்ணையில் 'ராகி லட்சுமணய்யா' என்று பெயர் பெற்ற விஞ்ஞானி இருந்தார். ராகிப் பூ மிகவும் சின்னது. அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அதனால் இரண்டு ரகங்களைக் கலப்பது ரொம்பக் கஷ்டம். அவர் பொறுமையாக இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்தார். அப்படிப் பிறந்தவைதான் 'இண்டாஃப்' ரகங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்த பெயர் அது!

பிறகு இண்டாஃப் ரகங்களையும் பெற்றோராக வைத்து, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் ஜி.பி.யு.28 என்ற ரகத்தை 1996-ல் வெளியிட்டது. இதன் பெரிய பலம் குலை நோயைத் தாங்குவது. கதிரின் கழுத்தில் குலை நோய் வந்தால் மணி பதராகும். விரல் எத்தனை நீளமாக இருந்து என்ன பயன்? நோய் தாங்குவதும் மகசூலைத் தீர்மானிக்கும் ஒரு குணம்தான்.

நம்ம மாவட்டத்திலும் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் என்ற ஊர்ப் பெயரிலேயே ராகி, கொள்ளு ரகங்கள் வந்திருக்கின்றன.

5. ரோஜாவில் மகசூலை எதால் அளப்பது?

ஓசூர் பாலிஹவுஸ் ரோஜாவைக் கிலோவில் விற்பதில்லை. காம்புக் கணக்கில் விற்கிறார்கள். பூவோடு காம்பு எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நீளமான காம்புக்கு விலை அதிகம். ஆனால் இங்கேயும் அதே பானைச் சோறு கதைதான். ஒரு செடியில் காம்பு எண்ணிக்கை ரொம்பக் கூடினால் ஒவ்வொன்றும் மெலிந்து குட்டையாகும். எனவே ரோஜாவுக்கு மகசூல் என்பது "எத்தனை பூ" என்பது மட்டும் இல்லை, "விலை போகிற பூ எத்தனை" என்பதும்தான். கிலோவில் விற்கும் சாமந்திக்குக் கணக்கு வேறு. அங்கே பூவின் எண்ணிக்கையும் ஒரு பூவின் எடையும்தான் முக்கியம்.

6. முக்கியமான எச்சரிக்கை

பெரிய செடி எல்லாம் நல்ல பரம்பரை உள்ள செடி ஆகாது. வரப்பு ஓரத்துச் செடிக்கு வெயிலும் இடமும் அதிகம். எரு கொட்டின இடத்துச் செடிக்குச் சத்து அதிகம். அந்தக் கொழுப்பு விதையோடு வராது!

டென்மார்க் நாட்டு ஜோஹான்சன் 1903-ல் பீன்ஸ் விதைகளை வைத்து இதை நிரூபித்தார். ஒரே தூய வழியில் வந்த பெரிய விதையை விதைத்தாலும் சின்ன விதையை விதைத்தாலும், பிள்ளைகளின் சராசரி எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பல வகை கலந்து நிற்கும் நாட்டு ராகியில் பொறுக்கி எடுத்தால் பலன் உண்டு. தூய ரகத்தில் பொறுக்குவது கலப்பு நீக்கவும் நோயுள்ளதைத் தள்ளவும் உதவும், மகசூலைக் கூட்டாது. ஒட்டுக் கட்டி வளர்க்கும் ரோஜாவும் இப்படித்தான். ஒரே ரகத்தில் நீளக் காம்பு, குட்டைக் காம்பு எதில் மொட்டு எடுத்து ஒட்டினாலும் பொதுவாக அதே ரோஜாதான் வரும்.

செய்து பாருங்கள்!

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, ராகி வயலின் நடுப்பகுதியில் 20 செடிகளுக்கு நூல் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் உயரம், கதிர் எண்ணிக்கை, விரல் எண்ணிக்கை, விரல் நீளம் அளந்து எழுதுங்கள். அறுத்துக் காய்ந்ததும் செடிவாரியாகத் தானியத்தை நிறுங்கள். பிறகு வரைபடத் தாளில், கிடைமட்ட அச்சில் ஒரு குணத்தையும் செங்குத்து அச்சில் தானிய எடையையும் வைத்துப் புள்ளி குறியுங்கள். எந்தக் குணத்தில் புள்ளிகள் கோடு மாதிரி மேலே ஏறுகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆண்டு முடிந்துபோனாலும் ராகி நம்ம தட்டில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்றால் விதைக்காரர் கண் கதிரோடு நிற்காமல் தூர், விரல், மணி, நோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்போம், கையால் அளப்போம், அப்புறம் விதை எடுப்போம்!

— பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு