மூட்டை ஏறுமுன் நெஞ்சு ஏன் அடிக்குது?

சாகாமத்து வயலில் நெல்மூட்டை தூக்கக் குனிகிறோம். மூட்டை தோளுக்கு வருமுன்பே நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கிவிடும். ஏன்?

மூளைதான் காரணம். "தூக்கு" என்று தசைக்குக் கட்டளை போகும்போதே இதயத்துக்கும் தகவல் போகிறது. வேலை தொடங்கிய கணத்திலேயே நாடி கூடுவதைக் கண்டு, 1913இல் டென்மார்க் அறிஞர்கள் குரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் இப்படித்தான் விளக்கினார்கள்.

வண்டிமாட்டை மூக்கணாங்கயிறு அடக்குவது போல, வேகஸ் என்ற நரம்பு இதயத்தை அடக்கி வைத்திருக்கிறது. மூளை முதலில் அதைத் தளர்த்தும். வேலை கடுமையானால், இதயத்தை விரட்டும் வேறு நரம்புகளையும் ஏவும். வேலை செய்யும் தசைகளும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தம் இறைக்கும் இதயம், கடும் வேலையில் 20 லீற்றர் வரை இறைக்கும்.

மூளையின் கட்டளை உடனே போனாலும், தசைகளின் இரத்தக் குழாய்கள் நன்றாக விரியக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஆகவே கொழுந்துக் கூடையோ நெல்மூட்டையோ, வேலையை மெதுவாகத் தொடங்குவோம். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்க வேண்டாம். ஓடி முடித்ததும் சட்டென்று நின்றால் காலில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். சற்று நடந்து ஆறுவோம். வெயிலில் இதயத்துக்கு வேலை கூடும், தண்ணீர் குடிப்போம்.

2024 மார்ச்சில், சாகாமத்துக்குப் பக்கத்திலுள்ள திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். நமக்கோ பிள்ளைகளுக்கோ வேலையில், ஓட்டத்தில் நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, மயக்கம் வந்தால், "சும்மா களைப்பு" என்று விடக் கூடாது. உடனே நிறுத்தி, 1990 இலவச அம்புலன்ஸை அழைப்போம்.