கல்நார் தரையைப் பெயர்க்கும்போது வீட்டில் குடியிருக்கலாமா?

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ்தான். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். 1929-ம் ஆண்டில் ரஸ்ஸல் என்னும் வெள்ளைக்காரர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகு கேமரன் மலையில் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து ஜனங்களை நம்பிக் கடைகளும் பெருகின. அந்தப் பழைய கட்டடங்களில் இன்று தரை தேய்ந்து, மலை ஈரத்தில் டைல் கிளம்பி நிற்கக் கண்டால், "கடையை அடைத்த பிறகு பையன்களை வைத்து இரண்டு இரவில் பெயர்த்துவிடலாம்" என்று எண்ணுவது வியாபாரிக்கு இயல்பே. ஆனால் உளியைக் கையில் எடுக்குமுன், அந்த டைலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது மிக மிக அவசியம்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பதைத் தமிழில் கல்நார் என்கிறோம். கல்லாகப் பூமியில் கிடைத்து நாராகப் பிரியும் பொருள் அது. தீயில் வேகாது, மக்காது, விலையும் மலிவு. கூரைத் தகட்டில் மட்டுமே அது உண்டு என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படியில்லை. 1980-கள் வரையில் பல தேசங்களில் செய்யப்பட்ட வினைல் டைல்களிலும், அவற்றை ஒட்டப் பயன்பட்ட கறுப்புப் பசையிலும், பாய்போல் சுருட்டி விற்ற வினைல் விரிப்பின் அடிக்காகிதத்திலும் கல்நார் சேர்க்கப்பட்டது. ஒன்பது அங்குலச் சதுர டைலும் அதன் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால் சந்தேகம் கொள்ளலாம். ஆனால் கண்ணால் பார்த்து எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழக்கமுள்ளவர் ஒருவர் சிறு துண்டை நனைத்து எடுத்து, காற்றுப் புகாத பையிலிட்டுப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்ப, அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குச் செலவாகும். ஆகட்டும், ஒரு மூட்டை அரிசியைக் கொள்முதல் செய்யக்கூட மாதிரி எடுத்துப் பார்க்கும் நாம், குடும்பம் மூச்சுவிடும் காற்றுக்காக ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இந்த நாரினால் விளையும் தீங்கு உடனே தெரிவதில்லை. இருமல் வராது, கண் எரியாது. கண்ணுக்குப் புலப்படாத நார்த்துணுக்குகள் நுரையீரலில் போய்த் தங்கி, இருபது, முப்பது, நாற்பது வருஷங்களுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படுகின்றன. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி எழுதினார்கள். சுரங்கத்தில் வேலை செய்யாமல், அதன் அருகே வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1965-ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இருவர் அதே நோய் கண்ட 76 பேரின் வரலாற்றைத் திரட்டினார்கள். அவர்களில் சில பெண்கள் கல்நார் ஆலையில் வேலை பார்த்ததே இல்லை. ஆலைத் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அவருடைய அழுக்கு உடுப்பைத் துவைத்தவர்கள், அவ்வளவுதான். வேலை முடிந்து தூசி படிந்த சட்டையோடு மாடிக்கு ஏறிப் போகும் எவரும் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, தரையில் கிடக்கும் டைலைக் கண்டு அஞ்சி ஓடவேண்டியதில்லை. உடையாமல், தேயாமல், ஒட்டியபடி கிடக்கும் டைலில் நார் வினைலுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. அதன்மேல் நடப்பதால் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை. உடைப்பதும், சுரண்டுவதும், மெஷினால் தேய்ப்பதும்தான் அதைக் காற்றில் விடுகின்றன. ஆகவே, நல்ல நிலையில் இருக்கும் தரையைப் பெயர்க்காமல் அதன்மேல் புதுத் தரை போட்டு மூடிவிடுவதே பல வீடுகளுக்குப் போதுமானது. நமது அபிப்பிராயத்தில் முதலில் யோசிக்க வேண்டிய வழியும் அதுவே. அடியில் என்ன இருக்கிறது என்று எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் தெரியாமல் அதில் துளை போடமாட்டார். வாடகைக் கட்டடமானால் சொந்தக்காரருக்கும் தெரிவிப்பது முறை.

ஈரத்தால் கிளம்பி, நொறுங்கத் தொடங்கிவிட்ட தரையைப் பெயர்த்தே ஆகவேண்டும். அப்போது வீட்டில் இருக்கலாமா? எந்த விதமான தரை, எப்படிப் பெயர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அதற்கான பதில். பயிற்சி பெற்ற கண்டிராக்டர், டைலை நனைத்து, முழுசு முழுசாக எழுப்பி, அறையின் வாசலையும் காற்றுப் போகும் வழிகளையும் பிளாஸ்டிக்கால் அடைத்து வேலை செய்தால், தனி வழியுள்ள வேறு பகுதியில் குடும்பம் இருக்கலாம். வேலை நடக்கும் அறைக்குள் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் டைல் துண்டு துண்டாக உடைந்தாலும், அடிக்காகிதமுள்ள விரிப்பைக் கிழித்தெடுப்பதானாலும், கறுப்புப் பசையைச் சுரண்டுவதானாலும் வீட்டைக் காலி செய்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதே சரி. அடிக்காகிதத்தில் நார் அதிகம். அது எளிதில் உதிரும். கீழே கடையில் வேலை நடக்க, அதே மாடிப்படியில் குழந்தைகள் ஏறி இறங்கும் வீட்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். மேலே படுத்துறங்கும் கடைச் சிப்பந்திகளையும் மறந்துவிடக்கூடாது. அவர்களுக்கும் நுரையீரல் ஒன்றுதான்.

மலையில் வசிப்பவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள் உண்டு. குளிரென்று நாம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். அடைபட்ட வீட்டில் நுண்ணிய தூசி மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில்கூட மிதக்கும். குளிருக்காக விரித்த கம்பளம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதை உதறினால் எல்லாம் மீண்டும் காற்றில்தான். ஜவுளிக் கட்டும் அப்படியே. மளிகை மூட்டை, திறந்த மாவுப் பெட்டி, பேரீச்சம்பழத் தட்டு, தேயிலைச் சிப்பம் எல்லாவற்றையும் வேலை தொடங்குமுன்பே வெளியேற்றிவிட வேண்டும். மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவது காப்பு ஆகாது. நான்கு நாள் கடையடைப்பு நஷ்டந்தான். தூசி படிந்த சரக்கை விற்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

வேலை முடிந்தபின் வரும் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. டைல் போய்விட்டது, இனி பயமில்லை என்று விளக்குமாற்றை எடுக்கிறார்கள். பெருக்கவே கூடாது. வீட்டில் பயன்படும் சாதாரணத் தூசி உறிஞ்சும் யந்திரமும் ஆகாது. நுண்ணிய நாரை அது ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி பொருத்திய யந்திரத்தாலும் ஈரத் துணியாலும் சுவர், அலமாரி, ஜன்னல் விளிம்பு வரை துடைத்து, அந்தத் துணிகளையும் குப்பையோடு கட்டிவிட வேண்டும். பிறகு, வேலை செய்த கண்டிராக்டரோடு சம்பந்தமில்லாத ஒருவர் காற்றைச் சோதிப்பது நல்லது. பிரிட்டனில் அடைத்துச் செய்யும் பெரிய கல்நார் வேலைகளுக்குப் பின், ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே இருந்தால்தான் அறையைத் திருப்பிக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் தரையிலேயே உட்கார்ந்து உண்கிறோம், குழந்தைகள் தரையிலேயே தவழுகின்றன, ஸஜ்தாவில் நெற்றியும் மூக்கும் தரையைத் தொடுகின்றன. ஆகவே இந்த இறுதிச் சுத்தத்தில் நாம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பெயர்த்த டைலை ஆற்றோரத்திலோ தேயிலைச் சரிவிலோ கொட்டுவது மகா பாவம். தடித்த பிளாஸ்டிக் பை இரண்டில், ஒன்றுக்குள் ஒன்றாக, ஈரத்தோடு கட்டி, மேலே கல்நார் என்று எழுதி, அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மலேசியாவின் 2005-ம் ஆண்டுக் கழிவு விதிகளில் தூசியாகவும் நாராகவும் உள்ள கல்நார்க் கழிவு எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் அடங்கும். கல்நாரில் வேலை செய்வது பற்றிய விதிகள் 1986-லேயே இங்கு வந்துவிட்டன. ஆட்களை அமர்த்துமுன் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவில் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

சர்க்கார் தடுத்திருந்தால் இது நம் வீட்டுக்கு வந்தே இருக்காதே என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கப்பூர் 1989-லிருந்து கட்டடங்களில் இதைத் தடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் போட்ட தரை தானாக எழுந்து போய்விடவில்லை. இலங்கையின் கதை தேயிலை வியாபாரிகளுக்கு நன்றாகவே விளங்கும். 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் தோண்டி விற்கும் நாடும் ரஷ்யாவே. இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது. சில நாட்களில் தேயிலைக்கும் வழி திறந்தது. அந்த வண்டு செய்த காரியம் பெரிய காரியம்!

அறியாமல் முன்பே டைலை உடைத்துப் பெருக்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ஒரு தடவை, சிறிது நேரம் பட்ட தூசியால் வரும் ஆபத்து குறைவு. பல வருஷங்கள், பல தடவை பட்டவர்களுக்கே அது கூடுகிறது. உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதாலும் ஒன்றும் தெரியாது. மிச்சமிருக்கும் தூசியை ஈரத்தால் துடைக்கட்டும், அன்று உடுத்திய துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தட்டும், வைத்தியரிடம் போகும்போது இந்த விவரத்தைச் சொல்லி எழுதிவைக்கச் செய்யட்டும். சிகரெட் பிடிப்பவரானால் அன்றே விட்டுவிடட்டும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, இரண்டில் ஒன்று மட்டும் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுகிறது.