புறக்கடையே களஞ்சியம்

திருவாலங்காடு வட்டாரத்திலே கரும்பு முக்கியப் பயிர்; திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இவ்வூரிலேயே அமைந்துள்ளது. ஆயினும், கரும்பு ஆண்டிற்கு ஒரு முறையே பணம் தரும். அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். நாம் ஊர்தோறும் செல்லுகையில், புறக்கடையைத் தரிசாக விட்டுவிட்டுக் கீரைக் கட்டையும் காசு கொடுத்து வாங்கும் வீடுகளைக் காண்கிறோம்.

இரண்டு சென்ட் நிலம் போதும். கழுநீர் பாயுமிடத்தில் வாழை, வேலியோரம் முருங்கையும் அகத்தியும், நடுவே கீரைப் பாத்தி. விதைத்த 25 நாளில் கீரை அறுப்புக்கு வரும். அகத்தித் தழை ஆட்டுக்கு; ஆட்டெரு பாத்திக்கு. இப்பகுதிக்கே உரிய சென்னைச் சிவப்புச் செம்மறி, நம் வெயிலுக்குப் பழகிய இனமாகும்.

அடைக்கோழி 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஆனால் வெள்ளைக் கழிச்சல் புகுந்தாலோ, ஒரே வாரத்தில் கூடு வெறுமையாகிவிடும். நோய் கண்ட பின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆகவே, குஞ்சு பொரித்த 7ஆம் நாளில் சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் தடுப்பூசியும் போட்டுவிடுதல் இன்றியமையாதது. இதற்குக் கால்நடை மருந்தகத்தை அணுகுக.

உழைப்புடன் இம்முன்யோசனையும் சேர்ந்தால், புறக்கடை குடும்பத்தின் களஞ்சியமாகும்.