சருகுக்குள் துயிலும் உயிர்கள்



உதிர்ந்த சருகைக் கண்டால் அதனைக் குப்பை என்று கருதுவதே நம் வழக்கம். அவ்வழக்கம் சரியானதுதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது, நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு கார்த்திகைத் திங்களில் நாம் மேற்கொண்ட நடையாகும். மகள் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்த நாம், ஒன்பது வயதுப் பேரனை உடன் அழைத்துக்கொண்டு, அப்பூங்காவின் வடபகுதியில் உள்ள காட்டுக்குள் ஒரு காலைப்பொழுதில் சென்று வந்தோம்.

மனிதர் அமைத்த காடு

அப்பூங்காவின் பரப்பு 843 ஏக்கர். நகரின் நடுவே இத்துணைப் பெரிய காடு தானாகவே எஞ்சி நின்றது போலும் என்று எண்ணினோம். அவ்வாறன்று. 1858ஆம் ஆண்டு நடைபெற்ற போட்டியில் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் இருவர் வரைந்த திட்டம் தேர்வு பெற்றது. அதன்படி மண்ணைக் கொட்டியும், பாறையைப் பிளந்தும், மரங்களை நட்டும் அமைத்ததே அப்பூங்கா. வடகாட்டில் சலசலத்து ஓடும் ஓடைக்கும் இன்று நகரக் குடிநீர்க் குழாயிலிருந்தே நீர் வருகிறது. சாந்து பூசாமல் பெரும்பாறைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வளைவுப் பாலத்தின் கீழே அது பாய்ந்து செல்கிறது.

இவ்வழகுக்கு ஒரு விலையும் இருந்தது. பூங்காவின் மேற்கு ஓரத்தில் செனிகா கிராமம் என்றோர் ஊர் இருந்தது. ஏறத்தாழ 225 பேர் அங்கு வாழ்ந்தனர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏனையோர் பெரும்பாலும் அயர்லாந்து நாட்டினர். பூங்காவுக்காக 1857இல் அவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஓரிடத்தைத் திருத்தி அழகு செய்ய முற்படுவோர், அங்கு முன்னரே குடியிருப்போர் யாவர் என்று முதலில் காணுதல் வேண்டும். இக்கருத்தை நினைவில் நிறுத்துக. பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இலை உதிர்வது எங்ஙனம்?

இலை காற்றினால் உதிர்கிறது என்று சிறுவர்கள் கூறுவர். உண்மையில் மரமே இலையை விடுவிக்கிறது. பகற்பொழுது குறுகத் தொடங்கியதும், இலையிலுள்ள சத்தின் ஒரு பகுதியை மரம் தன்னுள் மீட்டுக்கொள்கிறது. பச்சையம் சிதையவே, அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் செந்நிறம் புதிதாகத் தோன்றுகிறது. பின்னர்க் காம்பின் அடியில் தக்கை போன்ற படலம் வளர்ந்து காயத்தை மூட, இலை விழுகிறது.

நாம் சென்றபோது மேப்பிள் மரங்கள் வெறுங்கிளைகளாய் நின்றன. இளம் பீச் மரங்கள் மட்டும் வெளிறிய இலைகளை விடாமல் தாங்கியிருந்தன. எங்கும் அமைதி. சருகில் நம் காலடி ஓசையும், தொண்டையில் வெண்ணிறம் கொண்ட சிறு குருவிகள் இரு கால்களாலும் சருகைப் பின்னோக்கிச் சீய்க்கும் ஓசையுமே கேட்டன.

பேரன் கற்பித்த பாடம்

புல்வெளிகளில் சருகை அகற்றியிருந்தனர். காட்டுக்குள்ளோ கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. விழுந்த மரங்களும் விழுந்தபடியே இருந்தன. "இவ்வளவு செல்வம் படைத்த நகரம், இதைப் பெருக்க ஓர் ஆளை வைக்கவில்லையே!" என்றோம். பேரன் நம் கையைப் பற்றி நிறுத்தினான். "பாட்டி, பாதையிலேயே நடங்கள். சருகுக்கு அடியில் மின்மினியின் புழுக்கள் இருக்கின்றன. பெருக்கினால் கோடையில் மின்மினி வராது என்று எங்கள் ஆசிரியை சொன்னார்" என்றான்.

அன்று மாலை அவனுடைய பாடநூலை வாங்கிப் படித்தோம். சருகு ஒரு போர்வை. அதன் கீழ் மண் எளிதில் உறைவதில்லை. அங்கு வாழ்வோரை நாம் அறிந்த முறையிலேயே வகைப்படுத்திப் பார்ப்போம்.

ஈரறிவுயிர்: நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உறங்குகின்றன.

மூவறிவுயிர்: எறும்புகள் சருகின் கீழ் மண்ணில் ஆழச் சென்று ஒடுங்குகின்றன.

நாலறிவுயிர்: பம்பிள் என்னும் பெருந்தேனீக்களில், குளிர் வந்ததும் கூட்டத்தில் உள்ளவை மடிய, இளம் இராணி மட்டும் மண்ணைத் துளைத்துத் தனியே உறங்குகிறது. அடுத்த ஆண்டின் குடும்பம் முழுவதும் அதனிடமிருந்தே தோன்ற வேண்டும். அந்துப்பூச்சிகள் சில, உதிர்ந்த இலையையே சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவாய்க் கிடக்கின்றன.

ஐந்தறிவுயிர்: குருவிகள் இங்கேதான் இரை தேடுகின்றன, அணில்கள் ஓக் விதைகளைப் புதைத்து வைக்கின்றன.

அறிஞரும் அறியாதிருந்த உயிர் ஒன்றும் இப்பூங்காவின் சருகில் இருந்தது. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமும் 41 இணைக் கால்களும் உடைய, கண் இல்லாத ஒரு சிறு பூரான் அது. அதனைப் புதிய இனமென்று 2002இல் அறிவித்தனர். வேற்று நாட்டுச் செடிகளின் மண்ணோடு அது வந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். பூங்காவில் 596 இடங்களில் மண்ணை எடுத்து ஆராய்ந்தோர், 1,60,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைக் கண்டதாக 2014இல் வெளியிட்டனர்.

நம் பிழை

இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் கூறுகிறோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் நாம் ஆசிரியப் பணி ஆற்றினோம். ஒவ்வொரு நாளும் இறைவணக்கத்துக்கு முன், மாணவர்கள் முறைவைத்துப் புங்க மரத்தடியைப் பெருக்கிச் சருகைக் குவிப்பர். நாம் தீக்குச்சி கிழித்துக் கொடுப்போம். பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற தூய்மைப் பாடமும் அதுவே. நன்கு எரித்த அணிக்கு மதிப்பெண்ணும் வழங்கினோம்.

நீரை வடிகட்டாமல் நாம் அருந்தியதில்லை. பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. ஆயினும் நாள்தோறும் காலையில் எத்தனை உயிர்களைத் தீயிலிட்டோம்! நம் மண்ணில் உறைபனி இல்லை. ஆயினும் சருகு அங்கும் உயிர்களின் உறைவிடமே. அறியாமல் செய்தோம் என்று கூறலாம். ஆனால் மாணவர் பலருக்கும் அதையே கற்பித்தோமே! அவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாக இருந்து, அவ்வாறே செய்வித்து வருகின்றனர்.

ஊர் திரும்பியதும் அவர்களுள் மூவருக்குக் கடிதம் எழுதினோம். ஒருவர் பள்ளித் தோட்டத்தில் சருகுக்குழி அமைத்துவிட்டதாக மறுமொழி விடுத்தார். மற்ற இருவரும் இன்னும் எழுதவில்லை. மீண்டும் எழுதுவோம்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

1. சருகை எரித்தல் ஆகாது. புகை, அண்டை வீட்டார்க்கும் தீங்கு.

2. வாசலிலும் நடைபாதையிலும் கிடப்பதை மென்மையான துடைப்பத்தால் ஒதுக்குக. நம் முனிவர்கள் மயில் தானே உதிர்த்த பீலியைக் கையில் ஏந்துவதன் நோக்கத்தை அப்போது பிள்ளைகளுக்கு விளக்குக.

3. ஒதுக்கியதை மரத்தடியிலேயே பரப்புக. குவிக்க நேர்ந்தால் வீட்டை விட்டுத் தள்ளிக் குவிக்க. பாம்பும் தேளும் அங்குத் தங்கக்கூடும்.

4. சருகின்மேல் நடக்க நேர்ந்தால், முன்னே நிலத்தை நோக்கி அடி வைக்க. ஈரியா சமிதி துறவியர்க்குரியது எனினும், அதன் சிறு அளவு இல்லறத்தார்க்கும் இயலும்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

அ. இலை உதிருமுன் மரம் எதனை மீட்டுக்கொள்கிறது?

ஆ. காட்டில் சருகை அகற்றாமல் விடுவது ஏன்?

இ. உங்கள் வீட்டு மரத்தடியில் ஒரு கைப்பிடிச் சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். எத்தனை உயிர்களைக் கண்டீர்கள்? அவை எத்தனை அறிவுடையன? கண்டபின் சருகை மீண்டும் மூடிவிட்டீர்களா?