மேடைக்கு முந்திய வருஷங்கள்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்

அன்புள்ள மகனுக்குப் பெரியம்மா எழுதுவது.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்தில் இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் ஹால் பார்த்தாயிற்று, சபைக்குப் பெயரும் வைத்தாயிற்று, இனி பெரியம்மாவின் ஆசீர்வாதம்தான் பாக்கி என்கிறாய். ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஆனால் ஹாலுக்கு முன்பணம் கட்டாதே. ஊழியத்துக்கே வராதே என்று நான் சொல்லவில்லை. இப்போது வராதே என்கிறேன். அதற்குக் காரணம் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்கு அழைப்பு இருக்கிறது என்பதற்கு நீ இரண்டு சாட்சி காட்டுகிறாய். உபவாசக் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் உன் தலையில் கைவைத்துத் தீர்க்கதரிசனம் சொன்னார் என்பது ஒன்று. வாலிபர் கூட்டத்தில் நீ பேசினால் பாதிப் பேர் அழுகிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். கர்த்தர் யார் மூலமாகவும் பேசலாம். ஆனால் அந்த மனிதர் மறுநாளே விமானம் ஏறிவிட்டார். உனக்குக் கோபம் வந்தால் எப்படிப் பேசுவாய், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பாயா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இரண்டாவது சாட்சிதான் எனக்குக் கவலை தருகிறது. பிறரை அழவைப்பது ஒரு திறமை. அது சினிமாக்காரர்களுக்கும் உண்டு.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார். கண்காணிப்பு வேலைக்கு வருகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. பேச்சுத் திறமை பற்றி அதில் வருவது போதிக்கத் தக்கவனா என்ற ஒன்றுதான். மற்றதெல்லாம் குடியை, கோபத்தை, பண ஆசையை, வீட்டை நடத்துகிற விதத்தைப் பற்றியவை. விசுவாசத்துக்குப் புதியவன் கூடாது, பெருமை தலைக்கேறி விழுந்துவிடுவான் என்று எச்சரிக்கையும் உண்டு. அந்த மற்றவற்றில் எதையும் மேடையில் வைத்துப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரனும் கூட வேலை செய்கிறவனும்தான் பார்க்க முடியும். நீ ஆயத்தமா என்ற கேள்விக்கு நீயே பதில் சொல்ல முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

நீ நேசிக்கிற அசரியா ஐயரையே எடுத்துக்கொள்வோம். 1910 இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்காரர்களைப் பார்த்து எங்களுக்கு நண்பர்களாக வாருங்கள் என்று கேட்ட அந்தப் பேச்சை நீ வாலிபர் கூட்டத்தில் சொன்னதாக உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் நீ சொன்ன கதை எடின்பரோவில் தொடங்குகிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்திய கதை.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே தகப்பனை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் கடைசிப் பரீட்சைச் சமயத்தில் நோய் வந்ததால் பட்டம் வாங்கவில்லை. 1895 இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போவது, மாணவர்களைக் கூட்டுவது, கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, வெள்ளைக்காரச் செயலாளர்களோடு ஒத்துப் போவது என்று அந்த வேலையில் பதினான்கு வருஷம் இருந்தார். அங்கி இல்லை, குருப்பட்டம் இல்லை, பெயருக்கு முன்னால் எந்த அடைமொழியும் இல்லை.

இந்த வருஷங்களில் அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1902 இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே வேறு ஊருக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். இத்தனை பெரிய திருநெல்வேலித் திருச்சபை இன்னும் கைநீட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறதே என்ற வெட்கம் அவரைப் பிடித்தது. அடுத்த வருஷமே, 1903 இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அவர் முன்னணியில் இருந்தார். அப்போது வயது முப்பத்தொன்று. இந்தியா முழுவதும் பெயர் தெரியும். உன் கணக்குப்படி அவர் அன்றைக்கே தனிச் சபை ஒன்று தொடங்கியிருக்க வேண்டும்!

அவர் செய்தது வேறு. திருநெல்வேலிச் சங்கம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. தெலுங்கு பேசும் ஏழை ஜனங்கள், போக்குவரத்து இல்லாத ஊர்கள். மற்றவர்களைப் போ போ என்று அனுப்புகிறவன் தானே போகாமல் இருக்கலாமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1909 இல் செயலாளர் பதவியை விட்டார். முப்பத்தைந்தாவது வயதில் உதவிக் குருவாகப் பட்டம் பெற்று, தெலுங்கு படித்து, அந்த ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தார். அவர் திருச்சபையின் ஏணியில் கால் வைத்தது கீழ்ப்படியில்தான்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். குருப்பட்டம் பெற்று மூன்றே வருஷத்தில் பேராயர் ஆகிவிட்டாரே, இது மட்டும் அவசரம் இல்லையா என்று நீ கேட்பாய். அன்றைக்கும் கேட்டார்கள். மிஷனரிகள் பலர் முகம் சுளித்தார்கள், அவருடைய சொந்தத் திருநெல்வேலியிலேயே எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் அவரை முன்மொழிந்தது அந்த மூன்று வருஷத்தைப் பார்த்து மட்டும் இருக்காது. அங்கி இல்லாமல் உழைத்த பதினான்கு வருஷமும் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. அசரியா பதவியைத் தேடிப் போனவர் அல்ல, அவரைத்தான் தேடி வந்தார்கள். பவுலுக்கும் அப்படித்தானே நடந்தது? தமஸ்குவுக்குப் பிறகு அவர் அரபியாவுக்குப் போனார், பின்பு தர்சுவில் இருந்தார். அந்தியோகியாவில் ஆள் தேவைப்பட்டபோது பர்னபா தர்சுவரைக்கும் போய் அவரைத் தேடிக் கூட்டிவந்தார்.

பேராயரான பிறகும் அசரியா மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களைச் சுற்றினார். தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையானது 1939 இல்தான். கட்டடத்துக்கு முன்னால் அவர் கட்டியது கிராம உபதேசியார்களை. படிக்க வந்த ஆண்களின் மனைவிகளுக்கும் பாடம் வைத்தார். இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பிரசங்கிக்கிறவர்களுக்கு எடின்பரோ மேடைதான் பிடிக்கும் போலிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறுமை, பொறுமை என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் நியாயம் என்று எடுத்துக்கொள்ளாதே. தரங்கம்பாடியில் 1733 டிசம்பரில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். லுத்தரன் சபையில் முதல் தமிழ்க் குரு அவர். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718 இல் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றவர். பதினைந்து வருஷம் அவர் உபதேசம் செய்ததையும் அலைந்ததையும் பார்த்த பிறகே பட்டம் வந்தது. அது நல்ல காத்திருப்பு. அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். ராஜாவின் படையில் சிப்பாய், தமிழில் அச்சான சுவிசேஷத்தை வாசித்து மாறியவர், உழைப்பில் ஆரோனுக்குக் குறைந்தவர் அல்லர். குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் பறையர் என்பதால், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்து முடித்தார். ராஜநாயக்கனின் பொறுமையைப் புகழ்ந்து பிரசங்கிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அங்கே ஆயத்தம் இல்லாதிருந்தது அவர் அல்ல, சபைதான்.

ஆகவே உன்னைக் காத்திருக்கச் சொல்கிறவரிடம் எதற்காக என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. உன் சாதியையோ, உன் அப்பாவின் சம்பளத்தையோ, எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதையோ பார்த்து யாராவது நிறுத்தினால் நானே உனக்காகக் கமிட்டியில் எழுந்து பேசுவேன். உன் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. உனக்கு இன்னும் சில வேலைகள் தெரியாது, அவ்வளவுதான்.

என்ன வேலைகள் என்று கேட்பாய். இங்கே புக்கிட் மேராவிலேயே இருக்கிறது. ஹெண்டர்சன், ரெட்ஹில் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வாடகை புளோக்குகளில் ஓரறை வீட்டில் தனியாக இருக்கும் கிழவர்களைப் பார்த்திருக்கிறாயா? துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்துத் தேய்ந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடம் போனால் பிரசங்கம் வேண்டாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், கேட்க வேண்டும். மருந்துப் பையைப் பிரித்து எது காலைக்கு, எது இரவுக்கு என்று சொல்லித்தர வேண்டும். நான் தாதியாக இருந்தவள். புதிதாக வருகிற பெண்ணுக்கு முதலில் நோயாளியைத் துடைத்துவிடவும் படுக்கை விரிப்பு மாற்றவும்தான் சொல்லித்தருவோம். அதில் முகம் சுளிக்கிறவள் கையில் ஊசித்தட்டைக் கொடுக்க எங்களுக்கு மனம் வராது. ஊழியத்திலும் எனக்கு அதே பயம்தான்.

சுவா சூ காங் கல்லறையில் புதைத்தால் பதினைந்து வருஷம்தான் என்பது உனக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு தோண்டி எடுத்து எரிக்கிறார்கள். அடக்க ஆராதனைக்குப் புத்தகத்தில் ஒழுங்கு உண்டு. பதினைந்து வருஷம் கழித்து, விடியற்காலையில் அம்மாவின் எலும்பை எடுக்கும்போது சுற்றி நிற்கிற பிள்ளைகளிடம் என்ன சொல்வாய்? பிள்ளைகளில் ஒருவர் விசுவாசி, ஒருவர் சபைக்கே வராதவர், ஒருவர் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்கு உன் குரல் வளம் உதவாது. ஒரு வயதான போதகருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு பல தடவை நின்றால்தான் அது வரும்.

கணக்கும் அப்படித்தான். இந்த ஊரில் சபை என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் அறநிறுவனம். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2015 அக்டோபரில் இங்கே பெரிய சபை ஒன்றின் நிறுவனப் போதகர் உட்பட ஆறு பேர், சபையின் பல மில்லியன் வெள்ளியை முறைகேடாகப் பயன்படுத்தியதாகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் போதகருக்குப் பேசத் தெரியாமல் இல்லை. நீ முதலில் நம் சபையின் பொருளாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காணிக்கை எண்ணிப் பழகு. அது சலிப்பான வேலைதான்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948 இல் தொடங்கியது, முன்பு சோபியா மலையில் இருந்தது, இப்போது அப்பர் புக்கிட் தீமாவில் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பல சபைத் தலைவர்கள் கூடிப் பேசிய யோசனையில் முளைத்த கல்லூரி அது. வெளியே போகவே வழியில்லாத இடத்தில், தங்களுக்குப் பிறகு வரப்போகிற போதகர்களின் படிப்பைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மெதடிஸ்ட் சபையில் உள்ளூர்ச் சபை உன்னைப் பரிந்துரைக்க வேண்டும், குழு நேர்காண வேண்டும், படித்த பிறகும் சோதனைக் காலம் உண்டு. அதற்கப்புறம்தான் டீக்கன், பிறகு மூப்பர். இந்த ஒழுங்கைச் சிவப்பு நாடா என்று நீ எழுதியிருக்கிறாய். உன்னைப் பலர், பல வருஷம், பல நிலைமையில் பார்ப்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு என்றே நான் நினைக்கிறேன். நீ பார்த்திருக்கிற ஹாலில் உன்னைப் பார்த்துத் தவறு என்று சொல்ல யார் இருப்பார்? உன் நண்பர்களும் உன் வயதுதான்.

உன் அம்மா சம்பளம் போய்விடுமே, மத்திய சேம நிதி என்னாகும் என்று அழுகிறாள். அதை நீ அவிசுவாசம் என்று தள்ளிவிட்டாயாம். அது வேண்டாம், அப்பா. வாடகை கொடுக்கத் தெரியாத போதகரால் வாடகை கொடுக்க முடியாத விசுவாசிக்கு ஆலோசனை சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச காலம் வேலையில் இருந்து தம்பியின் படிப்புச் செலவைப் பார். அதுவும் ஊழியம்தான்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். உன் அலுவலக மேலாளரிடம், உன் அம்மாவிடம், வாலிபர் கூட்டத்தில் உன்னோடு ஒத்துப் போகாத அந்தப் பையனிடம் தனித்தனியே போ. என்னை நம்பி ஒரு சபையை ஒப்படைப்பீர்களா என்று கேள். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, வேத வசனம் எடுத்து வாதாடாதே. முக்கியமாக அந்தப் பையன் சொல்வதை முழுசாகக் கேள். மூவரும் சொன்னதை அப்படியே எழுதி எனக்கும் நம் போதகருக்கும் அனுப்பு. அதற்குப் பிறகு நீ ஊழியத்துக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
பெரியம்மா