பெயர் வைத்தால் போதுமா?

மாணவ நண்பர்களே, தென்னங்கன்றை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காயிலிருந்து முளைத்து வரும் முதல் இலைகள் பிளவுபடாமல் அகன்று இருக்கும். கன்று வளர வளரத்தான் ஓலை கீற்றுக் கீற்றாகப் பிரியும். தென்னையையே கண்டிராத ஒருவரிடம் கன்றின் இலை ஒன்றையும், வளர்ந்த மரத்தின் ஓலை ஒன்றையும் கொடுத்தால் அவர் என்ன சொல்வார்? "இவை வெவ்வேறு தாவரங்கள்" என்று கூறி, இரண்டு பெயர்களைச் சூட்டிவிடுவார்.

டைனோசார்களுக்குப் பெயர் வைக்கும் அறிஞர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. அவர்கள் உயிருள்ள விலங்கைப் பார்த்ததில்லை. கையில் இருப்பவை கல்லாக மாறிய சில எலும்புகளே. அப்படியானால் ஒரு புதிய டைனோசாரை எப்படி அடையாளம் கண்டு பெயரிடுகிறார்கள்?

நான்கு விதிகள்

விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று உள்ளது. ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயர் உண்டு. முதற்சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்கும். 'டைரனோசாரஸ் ரெக்ஸ்' என்பதில் டைரனோசாரஸ் பேரினம்; ரெக்ஸ் சிற்றினம்.

இவ்விதிகளுள் முக்கியமானவற்றைப் பார்ப்போம். முதலாவது, புதிய விலங்கு ஏற்கெனவே தெரிந்தவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பதை எழுதி முறைப்படி வெளியிட வேண்டும். இரண்டாவது, இன்ன எலும்புக்குத்தான் இப்பெயர் என்று ஒரு மாதிரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். இதனை மூலமாதிரி என்பர். மூன்றாவது, ஒரு பேரினப் பெயர் விலங்குலகம் முழுவதிலும் ஒரே ஒரு பேரினத்துக்குத்தான் இருக்கலாம். நான்காவது, ஒரே விலங்குக்குத் தெரியாமல் இரண்டு பெயர்கள் வைக்கப்பட்டிருந்தால், முதலில் வைத்த பெயரே நிலைக்கும்.

மூன்றாம் விதியால் நேர்ந்த வேடிக்கை ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் கிடைத்த ஒரு டைனோசாருக்கு 1969இல் 'சின்டார்சஸ்' என்று பெயரிட்டனர். ஆனால் அப்பெயர் 1869ஆம் ஆண்டிலேயே ஒரு வண்டுக்கு வைக்கப்பட்டிருந்தது! இதைக் கண்டறிந்த பூச்சியியல் அறிஞர்கள் 2001இல் அந்த டைனோசாருக்கு 'மெகாப்னோசாரஸ்' என்று மாற்றுப் பெயர் சூட்டினர். 'செத்துப்போன பெரிய பல்லி' என்பது அதன் பொருள்! பட்டியலைச் சரிபார்க்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

மறைந்து மீண்ட பெயர்

நான்காம் விதியில் சிக்கியது புகழ்பெற்ற பிரான்டோசாரஸ். அமெரிக்க அறிஞர் ஆத்னியல் மார்ஷ் 1877இல் ஒரு நெடுங்கழுத்து டைனோசாருக்கு 'அப்பட்டோசாரஸ்' என்று பெயரிட்டார். 1879இல் அதைப்போன்ற வேறோர் எலும்புத் தொகுதி கிடைத்தது. அதற்குப் 'பிரான்டோசாரஸ்', அதாவது 'இடிப் பல்லி' என்று பெயரிட்டார்.

1903இல் எல்மர் ரிக்ஸ் என்பவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முதலாவது முழு வளர்ச்சி அடையாத விலங்கு. இரண்டாவது நன்கு வளர்ந்தது. வேறுபாடு வயதினால் வந்ததே அன்றி இனத்தினால் வந்ததன்று என்று முடிவு செய்தார். நம் தென்னங்கன்றின் கதைதான்! முந்திய பெயர் அப்பட்டோசாரஸ் என்பதால் அதுவே நிலைத்தது. பிரான்டோசாரஸ் என்ற பெயர் அறிவியல் பட்டியலிலிருந்து நீங்கியது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2015இல் ஐரோப்பிய அறிஞர்கள் மூவர் இக்குடும்பத்தையும் அதற்கு உறவானவற்றையும் சேர்ந்த எலும்புத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, 477 பண்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். இரண்டும் தனித்தனிப் பேரினங்களாகக் கொள்ளத்தக்க அளவுக்கு வேறுபடுகின்றன என்று அறிவித்தனர். 112 ஆண்டுகளுக்குப் பின் பிரான்டோசாரஸ் பட்டியலுக்குத் திரும்பியது! எல்லா அறிஞர்களும் இதனை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மார்ஷின் எலும்புகள் பத்திரமாக இருந்ததால்தான் மீண்டும் அளக்க முடிந்தது. பழைய முடிவைத் திருத்தவும் முடிந்தது.

எலும்பே இல்லாவிட்டால்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். அரியலூருக்கு அருகே கல்லமேடு என்னும் இடத்தில் மிகப் பெரிய எலும்புகள் சில கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987இல் அவ்விலங்குக்குப் 'ப்ருஹத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயரிட்டனர். 'ப்ருஹத்' என்றால் பெரிய; 'காயம்' என்றால் உடல். இவை வடசொற்கள். இந்திய டைனோசார் எலும்புகளை முன்னர் ஆராய்ந்த மாட்லே என்பவரின் நினைவாக இரண்டாவது சொல் அமைந்தது. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். உங்கள் வீட்டு வாசற்கதவின் உயரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!

முதலில் இதனை ஊனுண்ணி வகை என்று கருதினர். பின்னர் அது நெடுங்கழுத்துடைய தாவர உண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. எது சரி என்று அறிய எலும்பைத்தானே பார்க்க வேண்டும்? அதுதான் முடியவில்லை. எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்த அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. 2022இல் பழைய புகைப்படங்கள் சில வெளியாயின. அவை பெரும் உதவிதான். ஆனால் புகைப்படத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. மறுபக்கத்தை அளக்கவும் முடியாது.

உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இது இருந்திருக்கக்கூடும். பெயர் பட்டியலில் இருக்கிறது. சான்று மண்ணோடு மண்ணாகிவிட்டது.

எனவே நண்பர்களே, பெயர் என்பது ஒரு பொருளின் மேல் ஒட்டும் சீட்டு போன்றது. பொருள் தொலைந்தால் சீட்டினால் அதிகப் பயன் இல்லை. ஓடையிலோ, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்திலோ எலும்பு வடிவில் கல் எதையேனும் நீங்கள் கண்டால், அவசரப்பட்டுப் பெயர்த்து எடுக்காதீர்கள். இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியர் வழியாகப் புவியியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். பெயரை அறிஞர்கள் பிறகு வைத்துக்கொள்ளட்டும். முதலில் எலும்பு பிழைக்க வேண்டும்.